வேளாண் வணிகம் படிக்க எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பிளஸ் டூ படித்த ஒரு மாணவனின் அப்பா, சிம்மக்கல்லை ஒட்டிய யானைக்கல் பகுதி வாழை மண்டியில் சுமை இறக்கும் தொழிலாளி. பையன் விடுமுறை நாட்களில் மண்டியில் சீட்டு எழுதுவான். தார் எண்ணிக்கை, விலை, கூலி, தரகு என்று எல்லாவற்றையும் வாயாலேயே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவான். நான் கரும்பலகையில் கணக்கு முடிப்பதற்குள் விடை வந்துவிடும்.

பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது என்னிடம் வந்தான். "சார், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல அக்ரி பிசினஸ்னு ஒரு படிப்பு இருக்காம். அதுக்குத்தான் போகப்போறேன். அதுக்காகத்தான் காமர்ஸ் எடுத்தேன்."

பெயரில் 'பிசினஸ்' இருக்கிறது. எனவே வணிகவியல் படித்தால் போதும் என்று பத்தாம் வகுப்பு முடித்தபோதே முடிவு செய்திருக்கிறான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண் வணிக மேலாண்மைப் படிப்பு, மேல்நிலையில் இயற்பியல், வேதியியல் முதலான அறிவியல் பாடங்களைப் படித்தவர்களுக்கானது. வணிகவியல் மாணவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவன். ஒரு நாள்கூட "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கே அப்போது விடை சரியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகுதான் இந்தப் படிப்புகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை, குறிப்பாகப் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். மேல்நிலை ஆசிரியரிடம் மாணவர் வந்து சேரும்போது பாதிக் கதவுகள் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும்.

பெயர் ஒன்று, பாடம் வேறு

வேளாண் வணிகம் என்பது கடை வைப்பது பற்றிய படிப்பு அன்று. மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. விடிவதற்கு முன் மொட்டாகப் பறிக்க வேண்டும், காலையிலேயே மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்தாக வேண்டும், மாலைக்குள் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்கு விலை இல்லை. வெயில் காலத்தில் விளைச்சல் கூடி விலை சரியும். மார்கழி, தையில் பனியால் விளைச்சல் குறைந்து விலை ஏறும். ஏறிய விலைக்கு விற்க விவசாயியிடம் அப்போது பூ இருக்காது. விலை சரியும் நாட்களில் பூவை வாசனைச் சாறு எடுக்கும் ஆலைக்கு அனுப்புவதா, தோவாளைக்கா, விமானத்தில் வெளிநாட்டுக்கா? ஆலை தரும் விலை பறிகூலிக்குக் கட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் வேளாண் வணிகப் படிப்பு. அதில் பயிர் அறிவியலும் உண்டு, மண்ணும் உண்டு, சந்தைப்படுத்தலும் வேளாண் கடனும் திட்ட அறிக்கை தயாரிப்பும் உண்டு. பாதிப் பாடம் அறிவியல் என்பதால்தான் அறிவியல் பிரிவைக் கேட்கிறார்கள்.

மதுரையில் ஒத்தக்கடைக்கு அருகே, யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கி வருகிறது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது. இங்கே இளநிலை வேளாண்மைப் பட்டம் படிக்கலாம். வேளாண் வணிக மேலாண்மைக்கான இளநிலைப் பட்டம் கோவையில். மதுரை வளாகத்தில் நபார்டு வங்கியின் ஆதரவுடன் வேளாண் வணிகத் தொழில் முனைவோருக்கான ஊக்குவிப்பு மையம் ஒன்றும் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் களப்பயணமாக அழைத்துச் செல்ல ஏற்ற இடம். ஒத்தக்கடை வழியாகத் தினமும் பேருந்தில் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்கென்று வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனியாக இடங்கள் உண்டு. பல பள்ளிகளில் "மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் பிரிவு" என்று நாம் ஒதுக்கிவைத்த பிரிவு அது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் 7.5 விழுக்காடு முன்னுரிமை, பொறியியலுக்கு மட்டுமன்றி வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவ ஒதுக்கீட்டைப் பற்றித் தெரிந்த பெற்றோரில் பலருக்கு வேளாண்மை ஒதுக்கீடு இருப்பதே தெரியாது.

'சி.ஏ.' என்ற இரண்டெழுத்து

வணிகவியல் பக்கம் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பெற்றோர் வந்து, "பொண்ணு சி.ஏ. சேந்திருக்கா சார், ஆடிட்டர் ஆயிருவா" என்று மகிழ்ச்சியோடு சொல்வார். விசாரித்தால் பி.காம். சி.ஏ. அந்த சி.ஏ. கணினிப் பயன்பாடு; ஆடிட்டருக்கான சி.ஏ., பட்டயக் கணக்கர். முன்னது கல்லூரிப் பட்டம். பின்னது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் நடத்தும் தேர்வு. இரண்டுக்கும் எழுத்தில்தான் ஒற்றுமை. பி.காம். சி.ஏ. நல்ல படிப்புதான், கணக்குப்பதிவு மென்பொருளும் ஜி.எஸ்.டி. கணக்கும் தெரிந்தவருக்குக் கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளிலேயே வேலை இருக்கிறது. ஆனால் அதைப் படித்தாலே ஆடிட்டர் ஆகலாம் என்று நம்பி மூன்று ஆண்டுகள் காத்திருக்கும் குடும்பத்துக்கு உண்மையை முன்கூட்டியே சொல்ல வேண்டியது நாம்தான்.

பட்டயக் கணக்கர் ஆவதற்கு முதலில் பட்டம் வேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததுமே அடிப்படைத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எழுதலாம். நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டங்கள், கணிதத் திறன், வணிகப் பொருளியல். முதல் இரண்டும் விரித்து எழுதுவன. மற்ற இரண்டும் கொள்குறி வகை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். அடுத்து இடைநிலைத் தேர்வு, அதன் பின் ஒரு ஆடிட்டரிடம் உதவித்தொகையோடு நேரடிப் பயிற்சி, பிறகு இறுதித் தேர்வு. முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த பயிற்சிக் காலம் 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்திருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு வருபவர் 55 விழுக்காடு பெற்றிருந்தால் அடிப்படைத் தேர்வு இல்லாமலே இடைநிலைக்குப் போகலாம். பிற பட்டதாரிகளுக்கு 60 விழுக்காடு.

கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதில் செலவு குறைவு. அதனால்தான் மண்டித் தொழிலாளியின் பிள்ளைக்கும் இது எட்டும் படிப்பு என்கிறேன். தடை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. தமிழ்வழியில் 'தேய்மானம்', 'ஒதுக்கு', 'நற்பெயர்' என்று தெளிவாகப் புரிந்து படித்த மாணவர், அதே பொருளை வேறு சொல்லில் பார்த்ததும் தடுமாறுகிறார். பாடம் தெரியாமல் தோற்பவரைவிடச் சொல் தெரியாமல் தோற்பவரே அதிகம் என்பது என் அனுபவம். பிளஸ் ஒன் முதலே வாரம் ஐந்து சொற்கள் என்று இரு மொழியிலும் எழுதவைத்தால் இரண்டு ஆண்டில் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும். பாடநூலின் கலைச்சொற்களையே பயன்படுத்தலாம், தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கர், நிறுவனச் செயலர் ஆகிய படிப்புகளுக்கும் இதேபோல 1959, 1980-ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் தனி நிறுவனங்கள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் அவற்றின் நுழைவுநிலைத் தேர்வை எழுதலாம்.

வருவது ஏன் பற்று?

கணக்குப்பதிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் சந்திக்கும் கேள்வி ஒன்றை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இதை ஒழுங்காகத் தாண்டாத மாணவர்தான் பிற்பாடு "எனக்கு அக்கவுண்ட்ஸ் வராது" என்கிறார்.

ரொக்கத்துக்கு 500 ரூபாய்க்குச் சரக்கு விற்கிறோம். ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய வேண்டும் என்கிறது பாடநூல். மாணவர் விழிக்கிறார். வீட்டில் வரவு என்றால் பணம் வருவது. இங்கே பணம் வந்திருக்கிறது. அதைப் பற்று என்று எழுதச் சொல்கிறார்கள். நாமும் "உள்வருவது பற்று, வெளிச்செல்வது வரவு, மனப்பாடம் செய்துகொள்" என்று கடந்துபோகிறோம்.

மனப்பாடம் தேவையில்லை. நம் தெரு மளிகைக் கடையின் நோட்டே போதும். கடையில் ஒருவர் அரிசி வாங்கிக்கொண்டு போகிறார், பணம் பிறகு தருவார். கடைக்காரர் அவர் பெயருக்கு நேரே 'பற்று' என்று எழுதுகிறார். பற்று என்றால் அவர் பெற்றுக்கொண்டது. மாதம் பிறந்ததும் அவர் பணம் தருகிறார். அவர் பெயருக்கு நேரே 'வரவு' என்று எழுதுகிறார், அதாவது அவரிடமிருந்து வந்தது. பற்று, வரவு இரண்டும் யார் பெயரில் எழுதுகிறோமோ அவரைப் பற்றிய சொற்கள். இப்போது கடையின் பணப்பெட்டியையும் ஓர் ஆள் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 500 ரூபாயைப் பெற்றுக்கொண்டது பெட்டி. அதன் பெயரில் பற்று. கொடுத்தது சரக்கு, விற்பனைக் கணக்கில் வரவு. மாணவர் முகத்தில் உடனே வெளிச்சம் தெரியும். இத்தாலியின் லூகா பாசியோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையை, நம் பெட்டிக்கடைச் சொற்களாலேயே பிசகில்லாமல் சொல்லிவிட முடிகிறது. கடைக்காரரின் மகள் வகுப்பில் இருந்தால் அந்த நோட்டையே கொண்டுவரச் சொல்லலாம். (வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு!)

ஒரு சீட்டு, இரண்டு பாடங்கள்

அந்த மாணவனிடமிருந்து நான் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' நடத்தும் ஆசிரியருக்கும் இது பயன்படும். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை.

விவசாயி ஒருவர் மண்டிக்கு 80 தார் அனுப்புகிறார். தார் 300 ரூபாய்க்கு ஏலம் போகிறது: 24,000 ரூபாய். தரகு 10 விழுக்காடு, 2,400. வண்டி வாடகை 1,600. இறக்குகூலி முதலியன 400. மீதி 19,600. மூன்று மாதங்களுக்கு முன் உரம் வாங்க மண்டியில் அவர் பெற்றிருந்த முன்பணம் 6,000 கழிகிறது. கையில் வருவது 13,600.

"இவருடைய விற்பனைச் செலவு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் 10,400 என்பார்கள், கழிந்ததெல்லாம் செலவு என்ற எண்ணத்தில். சரியான விடை 4,400. முன்பணத்தைத் திருப்பித் தருவது செலவு அன்று, கடன் அடைவது. உரம் வாங்கிய 6,000 சாகுபடிச் செலவில் ஏற்கெனவே வந்துவிடும். இங்கேயும் சேர்த்தால் இரண்டு முறை எழுதியதாகும். அடுத்த கேள்வி: "அப்படியானால் இலாபம் எவ்வளவு?" சீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று எந்த மாணவர் சொல்கிறாரோ அவருக்குக் கணக்கியல் பிடிபட்டுவிட்டது.

சாகுபடிச் செலவு என்பதே எளிதில் தீராத விவாதம். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குப் பரிந்துரை செய்யும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம், செலவைப் பல அடுக்குகளாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி என்று கையிலிருந்து கொடுத்தது ஓர் அடுக்கு. குடும்பத்தார் சம்பளமில்லாமல் உழைத்த உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் அடுத்தது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த மூலதனத்தின் வட்டியையும் சேர்த்தால் இன்னொன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது எந்தச் செலவின்மேல் என்பதுதான் இன்றுவரை நடக்கும் வாதம். அம்மா வயலில் களையெடுத்த நாட்களுக்கு விலை உண்டா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. வகுப்பில் இதைக் கேட்டால் வழக்கமாகப் பேசாத பெண் குழந்தைகள் பேசுவார்கள்.

அதே 80 தாரை உழவர் சந்தையில் தானே விற்றால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. தரகு இல்லை, ஆனால் விற்று முடியும் வரை விவசாயி அங்கேயே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு?

வணிகவியல் மாணவருக்கு வேளாண்மையில் இடம்

இளநிலை வேளாண் வணிகம் மூடிய கதவு என்றால், வணிகவியல் படித்தவர் வேளாண்மைப் பக்கம் போகவே முடியாதா? முடியும், சுற்றுவழியில்.

விவசாயிகளே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பெனிச் சட்டத்துக்கு 2002-இல் கொண்டுவந்த திருத்தத்தால் இவை சாத்தியமாயின. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். 2020-இல் ஒன்றிய அரசு இத்தகைய 10,000 அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. தொடங்குவது எளிது, நடத்துவதுதான் பாடு. கம்பெனி என்றால் ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்குழு, பங்குப் பதிவேடு, ஜி.எஸ்.டி. தாக்கல், முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் எல்லாம் வேண்டும். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் நம் விவசாயக் குடும்பங்களில் கணக்கு எழுதும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. அப்படிப்பட்ட பல நூறு பேர் பங்குதாரராக உள்ள நிறுவனத்தில், கணக்கைப் படித்துக் காட்டி, "இந்த ஆண்டு ஏன் ஈவுத்தொகை இல்லை" என்று அவர்கள் மொழியில் விளக்கத் தெரிந்த ஒருவர் தேவை. பயிரும் சந்தையும் தெரிந்த பி.காம். பட்டதாரி அந்த இடத்துக்குப் பொருத்தமானவர்.

மதுரைக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கூட்டுறவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம். படிப்பு உண்டு. கூட்டுறவு வங்கிகள், கடன் சங்கங்களின் உதவியாளர் பணிக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். கூட்டுறவைப் பாடமாகப் படித்த பட்டதாரிகளுக்கு அந்தத் தனிப் பயிற்சியிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் காந்திகிராமச் சேர்க்கை மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம், நம் மாணவர்களின் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே வந்து போய்விடும். முடிவு வந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

பட்டத்துக்குப் பின் குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-இல் தொடங்கிய கிராமிய மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அதன் கிராமிய மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் போட்டியிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக எம்.பி.ஏ. பொதுவாக வேளாண்மை, அதைச் சார்ந்த துறைகளில் பட்டம் பெற்றவர்களுக்கானது. எனவே விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்தாக வேண்டும்.

சேர்க்கை மேசையில்

சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி. அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்குப் போட்டி அதிகம்; ஆண்டுதோறும் மே மாதத்தில் இணையவழி விண்ணப்பம் தொடங்கிவிடும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் கல்லூரியில் சேர்ந்தால் மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கலைக் கல்லூரிப் படிப்புக்கும் இது உண்டு. இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய நிலையைப் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே எமிஸ் பதிவில் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ஆகஸ்டில் கல்லூரி வாசலில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதைவிட.

நான் இப்போது பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் உட்காரும்போது, பெற்றோரிடம் மதிப்பெண் பட்டியலை வாங்குவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதைப் படித்துவிட்டு என்ன ஆகப்போகிறாய்?" "வேளாண்மை" என்று பதில் வந்தால் வணிகவியல் விண்ணப்பத்தைக் கையில் கொடுப்பதில்லை, பக்கத்து மேசையில் இருக்கும் அறிவியல் ஆசிரியரிடமோ வேளாண் தொழிற்கல்வி ஆசிரியரிடமோ அழைத்துப் போகிறேன். "ஆடிட்டர்" என்று வந்தால் அந்த இரண்டெழுத்தின் கதையைப் பெற்றோரும் கேட்கும்படி சொல்கிறேன். "தெரியாது" என்றுதான் பலர் சொல்கிறார்கள். அவர்களிடம் வீட்டில் என்ன தொழில் என்று கேட்பேன். பூ கட்டுகிறோம், பழக்கடை, ஆடு வளர்க்கிறோம் என்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

அந்த மாணவன் பி.காம். முடித்தான். இப்போது மேலூர்ப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது பையிலிருந்து தங்கள் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை எடுத்துக் கொடுத்தான். படித்துக்கொண்டே வந்தவன், கடனாளிகள் இனத்தில் ஒரு தொகை பெரிதாக இருக்கிறதே என்று கேட்டேன். "வியாபாரிக்குக் கடனுக்குக் குடுத்தது சார். வசூல் ஆகல. பொதுக்குழுவுல எப்படிச் சொல்றதுன்னுதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்" என்றான்.